ஒரு விமானம்கூட தாமதமாகவில்லை

இன்று ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலமாகிவிட்டது. பரணில் கிடந்த விளக்கை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். கடைக்காரர் பேரலைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. விமானத்துக்கு ஊற்றுகிற எண்ணெயும் மண்ணெண்ணெயும் அக்கா தங்கச்சி மாதிரி என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் சட்டையில் ஏறியிருந்த அந்த வாசத்தோடு எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருப்பேன்! எந்தச் சோப்புக்கும் அது போகாது. நீங்கள் போனபிறகு துவைக்காமல் வைத்திருந்த ஒரு சட்டையிலிருந்து மட்டும் அது தானாகப் போய்விட்டது.

வரிசையில் டிவி செய்தியைப் பற்றித்தான் பேச்சு. எங்கோ ஒரு கம்பெனியின் விமானிகள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்களாம்.

"லட்சத்துல சம்பளம் வாங்குறவனுக்கு ஸ்ட்ரைக்கு ஒரு கேடா? அம்புட்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும்" என்றாள் முன்னால் நின்றவள்.

"இப்படி உக்காந்து உக்காந்துதான் இங்க மில்லுகளயும் மூட வச்சானுக" என்றார் ஒரு பெரியவர்.

பின்னால் நின்ற மேரியக்கா என் தோளைத் தொட்டாள். "டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு பிளேன்லதான இருந்தாரு. நீங்களே சொல்லுங்க. ஸ்ட்ரைக் பண்றது நல்லதா, கெட்டதா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் என் முறை வந்துவிட்டது. கேனை நீட்டி, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் வேறு யாருக்கு எழுத?

பிளேனில் இருந்தீர்களாம். பயணிகளின் பெட்டி சிக்கிக்கொண்டால் அதன் வயிற்றுக்குள் குனிந்து போய்வந்ததுதான் நீங்கள் விமானத்தில் இருந்தது. கல்யாணமான புதிதில் நீங்கள் இங்கே திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக் கார் ஓட்டினீர்கள். தோல் வியாபாரிகளையும், கொடைக்கானலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களையும் மதுரை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவீர்கள். தனியார் விமானக் கம்பெனிகள் தலைகாட்டத் தொடங்கிய நேரம். பெட்டி வண்டிகளை இழுக்கிற டிராக்டரை ஓட்ட ஆள் வேண்டும் என்று அங்கிருந்த ஒரு மேனேஜர் உங்களைக் கூப்பிட்டார். பிறகு பெட்டி ஏற்ற ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் நம் தெருவிலிருந்தும் பேகம்பூரிலிருந்தும் பையன்களைச் சேர்த்துவிட்டது நீங்கள்தான். கம்பெனி வேன் திண்டுக்கல்லிலிருந்தே நிறைந்து போகும். "நம்மூரு இல்லேன்னா மதுரையில ஒரு பெட்டி ஏறாது டீச்சர்" என்று பெருமையடிப்பீர்கள். வீட்டிலும் நான் உங்களுக்கு டீச்சர்தான்.

அந்தப் பையன்களில் ஒருவன் காஜா. மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். பெட்டிகளை மேலே ஏற்றுகிற பெல்ட்டில் ஒருநாள் அவன் கை மாட்டிக்கொண்டது. கையுறை கொடுங்கள் என்று நீங்கள் எல்லோரும் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இரண்டு விரல் நசுங்கிப்போனது. அதிகாரி ஆட்டோவுக்குக் காசு கொடுத்து, "கை சரியானப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நீங்கள் டிராக்டரை விமானத்துக்கும் பெட்டி வண்டிக்கும் நடுவில் குறுக்கே நிறுத்தினீர்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதன் நிழலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒவ்வொருவராக வந்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு அது நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது. விமானத்துக்கு நடந்துபோன பயணிகளில் உங்கள் பழைய காரில் வந்துபோகும் தோல் வியாபாரி ஒருவர் இருந்தார்.

"ஏம்ப்பா, நீ நம்ம கார்க்காரன்தானே? என்னப்பா இது, நான் பம்பாய் போயி ஆகணும்ப்பா!"

"போகணும்தான் பாய். எங்க பயலுக்கு வெரலு போச்சு. அவன வேலைய விட்டு நிறுத்த மாட்டோம்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. இப்பவே எந்திரிச்சிர்றோம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விமானத்தில் ஏறாமல் திரும்பிப்போய் மேனேஜரிடம் சத்தம் போட்டார். மற்ற பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். விமானம் வெயிலில் சும்மா நின்றது. கடைசியில் மேனேஜரே கீழே வந்து எழுதிக் கொடுத்தார். காஜாவுக்கு வேலை தங்கியது. கையுறை வந்தது, பூட்ஸ் வந்தது, இன்சூரன்ஸ் வந்தது. சில மாதங்களில் சம்பளத்தையும் உயர்த்தி, உங்கள் எல்லோரையும் நிரந்தரம் ஆக்கினார்கள். காஜாவின் அம்மா ஒரு தூக்குச்சட்டி நிறைய ரவையில் தம்ரூட் இனிப்பு கிண்டிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு நான் உங்களைப் பார்த்த மாதிரி வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை.

"என்னா டீச்சர் அப்படிப் பாக்குற? நான் ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்தேன்."

அந்தச் சம்பளத்தில்தான் நம் வீட்டுக்குத் தளம் போட்டோம். மகளைக் கான்வென்டில் சேர்த்தோம். மேரியக்கா அந்த வருஷம் கேட்டிருந்தால் தயங்காமல் பதில் சொல்லியிருப்பேன்.

உங்கள் காது எப்போது போக ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. டிவி சத்தத்தை நீங்கள் ஏற்றுவதும் நான் குறைப்பதுமாக முதலில் அது ஒரு விளையாட்டாக இருந்தது. பிறகு மாதா கோயிலில் எல்லோரும் பாட்டை முடித்த பின்னும் நீங்கள் ஒரு வரி பாடிக்கொண்டிருந்தீர்கள். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று சாயந்திரமே உங்களை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எஞ்சின் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றது, இனி திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வரும் வழியில் நான் சொன்னேன், கையுறை கேட்டு வாங்கின மாதிரி காதுக்கும் ஏதாவது கேட்டு வாங்கக் கூடாதா என்று. நீங்கள் சிரித்தீர்கள்.

"கையி போனா ஊருக்கே தெரியும் டீச்சர். காது போறது பொண்டாட்டிக்கு மட்டுந்தான் தெரியும். வெளிய சொன்னா வேலைக்கு லாயக்கு இல்லேன்னுருவான்."

பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். ஆட்கள் பேசும்போது உதட்டைப் பார்க்கப் பழகினீர்கள். அந்த ரகசியம் நம் இருவருக்குள் இருந்தது.

பிறகு காலம் மாறியது. விமானங்கள் அதிகமாயின. டிக்கெட் விலை குறைந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள்கூட விமானத்தில் போகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டீர்கள். அம்புட்டுக் கூட்டம் ஏறினால் உங்களுக்கு நல்லதுதானே என்று நான் நினைத்தேன். ஆனால் பெட்டி ஏற்றுகிற வேலையை வெளியாளுக்குக் காண்ட்ராக்ட் விடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. காண்ட்ராக்டர் தருவது உங்கள் சம்பளத்தில் பாதிகூட இல்லை. "அன்னைக்கு நாம ஜெயிச்சு வாங்குனதுதான் இன்னைக்கு அவன் கண்ண உறுத்துது" என்றீர்கள். உயர்ந்த சம்பளத்தைக் காரணம் காட்டியே உங்களை வெளியேற்றப் பார்த்தார்கள்.

சென்னையிலிருந்து சங்கம் வேலைநிறுத்தம் என்றது. ஒவ்வொரு ஊரும் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நம் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டே கேட்டேன். எல்லோரும் கத்திப் பேசியது உங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கி, உங்களோடு பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த செல்வராசுதான் முதலில் எழுந்தான். "ஏனுங்கண்ணா, காஜாவுக்கு விரலு போனப்ப நீங்கதானுங்க மொதல்ல உக்காந்தீங்க? இப்ப எல்லாத்துக்கும் கழுத்தே போகுதுங்க. இப்ப வேண்டாங்கறீங்க?"

"ஏலே, அன்னைக்கு நம்மள விட்டா அவனுக்கு வேற ஆளு இல்ல. பிளேன் நின்னுச்சு. இன்னைக்கு ஆள ரெடியா வச்சுக்கிட்டுத்தான் காத்திருக்கான். நாம எப்ப எந்திரிச்சுப் போவோம்னு பாக்குறான். நாம வெளிய கால வச்சா கதவச் சாத்திருவான்."

"போகாட்டி மட்டும் உட்டுருவானுங்களா?"

"விட மாட்டான். ஒவ்வொருத்தனா எடுப்பான். அதுக்குச் சில வருஷம் ஆகும். அந்தச் சில வருஷம் நமக்கு வேணும்டா. எம் பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சிருவா. ஒந் தங்கச்சிக்குக் கல்யாணம் முடிஞ்சிரும்."

செல்வராசு உட்காரவில்லை. "ஒவ்வொருத்தனா போறப்ப மிச்சம் இருக்கறவன் வேடிக்கை பாக்கோணுங்களா அண்ணா? என்னால ஆகாதுங்க."

காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் நின்ற நான், நீங்கள் பேசினால் நீங்கள் சொல்வது சரி என்றும், அவன் பேசினால் அவன் சொல்வது சரி என்றும் நினைத்தேன். கை தூக்கச் சொன்னீர்கள். வேண்டாம் என்பதற்கு உங்களோடு சிலரே தூக்கினார்கள். காஜா குறைபட்ட தன் கையை வேண்டும் என்றவர்களோடு தூக்கினான். அதைப் பார்த்தபின் நீங்கள் சொன்னது இதுதான்: "சரி. முடிவு ஆயிருச்சு. இனி எவனும் பாதியில எந்திரிக்கக் கூடாது. நான் எந்திரிக்க மாட்டேன்."

வேலைநிறுத்தத்தின் முதல்நாள் போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். காண்ட்ராக்டரின் ஆட்கள் விடியும்போதே வேன்களில் வந்து இறங்கியிருந்தார்கள். எந்த ஊர்ப் பையன்களோ. உங்கள் டிராக்டரை எவனோ ஓட்டினான்.

"ஒரு பிளேன்கூட லேட்டாகல டீச்சர்" என்றீர்கள்.

அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவமானம்தான் இருந்தது. இத்தனை வருஷம் நீங்கள் இல்லாவிட்டால் நடக்காது என்று நம்பிய ஒன்று, நீங்கள் இல்லாமல் நேரத்துக்கு நடந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாப்பாடு எடுத்துக்கொண்டு மகளோடு மதுரைக்கு வந்தேன். போலீஸ் உங்களை வாசலிலிருந்து தள்ளி, கருவேலங்காட்டு ஓரமாக உட்காரவைத்திருந்தது. தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய். கார்கள் போய்க்கொண்டிருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கார் மட்டும் நின்றது. கண்ணாடியை இறக்கிய ஒருவர், புறப்படுகிற இடம் எந்தப் பக்கம் என்று கேட்டார். நீங்கள் சட்டென்று எழுந்துபோய், கையை நீட்டி, "நேரா போயி இடது பக்கம் சார், வண்டிய ஓரமா நிறுத்திட்டு எறங்குங்க" என்று பொறுப்பாகச் சொல்லிவிட்டு வந்து மறுபடி தார்ப்பாயின் கீழே உட்கார்ந்தீர்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தேன். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்று யாரோ கேட்டார்கள். தலைக்கு மேல் விமானம் ஏறியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம், நீங்கள் மட்டும் பொத்தவில்லை.

வாரங்கள் போயின. ஆள் குறைந்துகொண்டே வந்தது. சிலர் காண்ட்ராக்டரிடம் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார்கள். சிலர் திருப்பூருக்குப் போனார்கள். காஜாவைக் காண்ட்ராக்டர் கையைப் பார்த்தே வேண்டாம் என்றுவிட்டான். செல்வராசு ஊருக்குப் புறப்படும் அன்று நம் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"உங்க பேச்சைக் கேட்டிருக்கோணுங்கண்ணா. எல்லாத்து வயித்துலயும் அடிச்சுப்போட்டேன்" என்று அழுதான்.

நீங்கள் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். "போடா கிறுக்கா. கேட்டிருந்தாலும் போயிருக்கும். கொஞ்சம் நாளாகியிருக்கும், அம்புட்டுத்தான்" என்று அவன் தலையைத் தட்டினீர்கள். அவன் போனபிறகு கேட்டேன், நிஜமாகத்தான் சொன்னீர்களா என்று. "தெரியல டீச்சர். அந்தக் கொஞ்ச நாளு நமக்குக் கெடச்சிருக்கலாம்" என்றீர்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டை நாம் இருவருமே சாப்பிடவில்லை.

கடைசியில் தார்ப்பாயின் கீழே நீங்களும் காஜாவும் மட்டும் மிஞ்சினீர்கள். பிறகு அந்தத் தார்ப்பாயையும் யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். சங்கம் போட்ட வழக்கு லேபர் ஆபீசில் கிடந்தது. இப்போதும் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் என் தம்பி அமல் வந்தான். பி.காம். முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தவன். வந்தவன் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். உங்களுக்குக் கேட்கவில்லை. "நிமிந்து சொல்லு மாப்ள" என்றீர்கள்.

"மச்சான், ஏர்போர்ட்ல காண்ட்ராக்ட்ல ஆளு எடுக்குறாங்க. என்னைய வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வேண்டாம்னா போகல."

அவன் கன்னத்தில் அறையவும் தோன்றியது, அவனுக்கு வேலை கிடைத்ததே என்றும் தோன்றியது. மகள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"நீ போகலேன்னா வேற எவனோ போவான். போ" என்றீர்கள். "பெல்ட்டு ஓடும்போது கைய விடாத. எவன் அவசரப்படுத்துனாலும் விடாத. எஞ்சின் பக்கம் நிக்காத. காதுக்குப் பஞ்சு பத்தாது மாப்ள, நல்லதா ஏதாவது வாங்கிப் போட்டுக்க. அவன் தர மாட்டான், நீயே வாங்கு."

அவன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் மெல்ல உருவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனீர்கள். நான் பின்னால் வரவில்லை. வரக் கூடாது என்று தெரிந்தது.

அதற்குப் பிறகான வருஷங்களை நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வேன் ஓட்டினீர்கள். என் சம்பளத்தில் வீடு நடந்தது. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை, நீங்களும் குறைப்படவில்லை. பேச்சு மட்டும் குறைந்தது. காது கேட்காததால் குறைந்ததா, மனது விட்டுப்போனதால் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. விமானம் என்ற சொல் நம் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை.

தைப்பூசத்துக்குப் பழனி ரோட்டில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்த காலை. பாரத்தின் கயிறு தளர்ந்திருக்கிறது என்று வேனை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறீர்கள். கயிற்றை இழுத்துக்கொண்டே இரண்டடி ரோட்டுப் பக்கம் பின்வாங்கியிருக்கிறீர்கள். பின்னால் ஒரு பஸ் வந்திருக்கிறது. நடந்துபோனவர்கள் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த பஸ் டிரைவர் என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"விடாம ஹாரன் அடிச்சேம்மா. எம் புள்ளைக சத்தியமா அடிச்சேன். திரும்பவே இல்லம்மா அவரு."

"அடிச்சிருப்பீங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அவருக்குக் காது கேட்காது என்று மட்டும் சொன்னேன். எங்கே கேட்காமல் போனது, யாரால் போனது என்று சொல்லி அந்த மனிதருக்கு என்ன ஆகப்போகிறது?

அடக்கத்துக்குக் காஜா வந்தான், செல்வராசு வந்தான். உள்ளே வேலைக்குத் திரும்பியவர்களும் வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், உங்கள் பெட்டியை மட்டும் சேர்ந்து தூக்கினார்கள்.

போன வருஷம் எண்ணெய் விலை ஏறியது, கம்பெனிக்கு நஷ்டம் என்றார்கள். மதுரையிலிருந்து போகிற விமானங்களைக் குறைத்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கொடி பிடிக்கவில்லை, சம்பளம் உயர்த்திக் கேட்கவில்லை, ஒருநாள்கூட உட்காரவில்லை. அமல் வந்து, முன்பு நின்ற அதே இடத்தில் நின்று சொன்னான்:

"மச்சானாச்சும் உக்காந்து கேட்டுட்டு வெளிய வந்தாரு அக்கா. எங்களுக்குப் போன்ல மெசேஜ் வந்துச்சு, அம்புட்டுத்தான். யாரு முன்னாடி போயி உக்கார்றதுன்னுகூட எங்களுக்குத் தெரியல."

உட்கார்ந்து ஒருமுறை வாழ்ந்தோம். உட்கார்ந்து ஒருமுறை அழிந்தோம். உட்காரவே இல்லாதவனும் அழிந்தான். இதைப் போய் மண்ணெண்ணெய் வரிசையில் எப்படிச் சொல்வது? சொன்னாலும் மேரியக்கா, "சரி டீச்சர், அப்ப நல்லதா கெட்டதா?" என்றுதான் கேட்பாள்.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒன்றுதான். உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக உரக்கப் பேசிப் பேசி என் தொண்டை அப்படியே ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை என்று தலைமையாசிரியர் சிஸ்டர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ரோட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் அவளைக் கூப்பிடுகிறேன். சென்ற கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, "அமலுக்கும் வேலை போயிருச்சுங்க" என்று உங்களிடம் சொன்னேன். சுற்றிலும் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, மெதுவா" என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

மெதுவாகப் பேச எனக்கு இன்னும் வரவில்லை.